கண்ணை மட்டும் விட்டுவிட்டு

மதிய இடைவேளைக்கு மன்று கலைந்தபோது அவர் வெளி நடையில் அதே தூணோடு நின்றார். காலையில் சாட்சிகளை வெளியே போகச் சொன்ன நேரத்திலிருந்து அந்தத் தூண்தான். பக்கத்தில் மரவாங்கு வெறுமையாகக் கிடந்தது. உட்காரவில்லை. தூணின் சுண்ணாம்பு சேட்டின் தோளில் அப்பியிருந்தது.

“மிஸ், பிள்ளை உள்ளுக்கை என்ன சொன்னது?”

நான் கறுப்புக் கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டேன். கழற்ற வேண்டிய தேவை இல்லை. கைக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது.

“அதைச் சொல்லேலாது, அண்ணை. காலமையே சொன்னனான்.”

“ஓம், சொன்னனீங்கள்.” தோளிலிருந்த சுண்ணாம்பைத் தட்டினார். “அழுததோ? அதையெண்டாலும் சொல்லலாம்தானே.”

“அழேல்லை.”

“தண்ணி குடுத்தவையோ? அவ நெடுகத் தண்ணி குடிக்க வேணும்.”

“குடுத்தவை.”

அவர் குரல் இன்னும் இறங்கியது. “அதைக் கேட்டவையோ?”

‘அது’ ஒரு வசனம். நாலு வருடங்களுக்கு முன் ஒரு ரியூசன் கொட்டகை வாசலில், மகளைச் சேர்த்துவிட வந்த நாளில், வாத்தியாரிடம் அவர் சிரித்துக்கொண்டு சொன்னது. “கண் ரெண்டையும் விட்டிட்டு மிச்சத்தை உரிச்சுப்போடுங்கோ, சேர்.”

கேட்டார்கள். நாற்பது நிமிடங்களுக்கு முன், எதிரித் தரப்புச் சட்டத்தரணி அந்த வசனத்தை ஒரு சொல் பிசகாமல் மகளிடம் வாசித்துக் காட்டி, உமது தகப்பனார் இப்படிச் சொன்னாரா என்று கேட்டார். உண்மையே சொல்வேன் என்று உறுதி செய்திருந்த அந்தப் பிள்ளை, “இல்லை. அப்பா அப்பிடிச் சொல்லேல்லை” என்றாள்.

வெளியே தூணோடு நின்றவருக்கு அது தெரியாது. சாட்சி சொல்லி முடித்தவர் சொன்னதை இனிச் சொல்லப் போகிறவருக்குச் சொல்லக் கூடாது. எங்கள் தொழிலின் அரிச்சுவடி அது. மகளை மறுபக்க வாசலால் கூட்டிக்கொண்டு போகும்படி என் கிளாக்கர் நவம் அண்ணையிடம் சொல்லியிருந்தேன். இரண்டு மணிக்குத் தகப்பன் கூண்டில் ஏற வேண்டும். உண்மையைச் சொன்னால் மகள் மன்றில் பொய் சொன்னவள் ஆவாள். மகளைப் போலவே இல்லை என்றால், அன்றைக்குக் கொட்டகை வாசல் வரிசையில் பின்னால் நின்ற இன்னொரு தகப்பனை எதிரித் தரப்பு சாட்சியாக வைத்திருந்தது. அவர் வந்து இரண்டு பேரையும் சேர்த்து விழுத்துவார்.

“சாப்பிட்டிட்டு வாங்கோ அண்ணை” என்றேன். “கேக்கிறதுக்கு உள்ளதைச் சொல்லுங்கோ. வேறை ஒண்டும் வேண்டாம்.”

“சாப்பாடு இறங்காது, மிஸ்” என்றார். தூணுக்குத் திரும்பிப் போனார்.

முன்னூற்றுப் பதினாறு

இந்தப் பத்திரிகைத் தொடரை வாசிக்கும் ஒருவர் கடிதம் போட்டிருந்தார். வாராவாரம் தோற்ற வழக்குகளையே எழுதுகிறீர்கள், வென்றதே இல்லையா என்று. இந்த வழக்கில் வென்றோம். அதனால்தான் இவ்வளவு காலமும் எழுதவில்லை.

பெயர்கள் மாற்றியவை. தகப்பனைக் குலம் அண்ணை என்று வைத்துக்கொள்ளுங்கள். மகள் தர்சிகா. வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயம் செய்கிற குடும்பம். வெங்காயம் காய்கிற காலத்தில் அவர்களுடைய கோப்புக்கூட மணக்கும். விரித்தால் கண் எரிவதுபோல எனக்கு ஒரு நினைப்பு.

சம்பவத்தின்போது அவளுக்குப் பதினைந்து. சாதாரணதரப் பரீட்சைக்கு நாலைந்து மாதம் கிடந்தது. விடிய ஆறு மணிக்கு விஞ்ஞான வகுப்பு. தகரக் கொட்டகை, மரவாங்கு, எண்பது பிள்ளைகள். அந்த வாத்தியாரிடம் படித்தால் ‘ஏ’ என்று ஊர் சொல்லும். அவர் பிரம்பு எடுப்பதில்லை. அதில் அவருக்கு ஒரு பெருமையும் இருந்தது.

அன்றைக்குச் சைக்கிள் சங்கிலி கழன்று அவள் பத்து நிமிடம் பிந்தினாள். கையில் கிறீஸ் கறையோடு வாசலில் நின்றாள்.

“ஐந்நூறு தோப்புக்கரணம்” என்றார் வாத்தியார். “வாய்விட்டு எண்ண வேணும்.” பிறகு கரும்பலகைப் பக்கம் திரும்பி ஒளித்தொகுப்பைப் படிப்பிக்கத் தொடங்கினார்.

முன் வாங்கில் இருந்த ஒரு தோழி பொலிசில் சொன்னாள்: முதல் நூறு வரைக்கும் பெடியள் சிரித்தார்கள். நூற்றைம்பதுக்குப் பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. இருநூறில் ஒருமுறை விழுந்தாள். வாத்தியார் திரும்பிப் பார்த்து, “எண்ணிக்கை கேக்கேல்லை” என்றார். எழும்பினாள். முன்னூற்றுப் பதினாறில் மறுபடி விழுந்தாள், சத்தம் நின்றது. அவர் படம் கீறிக்கொண்டிருந்ததால் அது நின்றதும் அவருக்குத் தெரியவில்லை.

அடுத்த நாள் காலையில் சிறுநீர் பால் விடாத பிளேன்ரி நிறத்தில் போனது. தொடை இரண்டும் கல்லாய் இறுகிப்போய் இருந்தன. தாய் தூக்கித்தான் ஓட்டோவில் ஏற்றினாள். ஆஸ்பத்திரியில் டொக்டர் எனக்கு விளங்கப்படுத்தினார்: தசை உடைந்தால் அதன் கழிவு இரத்தத்தோடு போய்ச் சிறுநீரகத்தை அடைக்கும். மூன்று கிழமை இயந்திரத்தில் இரத்தம் சுத்திகரித்தார்கள். உயிர் வந்தது. சிறுநீரகம் பாதிதான் வந்தது. கால்களும் முழுதாக வரவில்லை. படி ஏறும்போது கைபிடியை இப்போதும் இழுத்துத்தான் ஏறுவாள்.

ஊர் என்ன சொன்னது? “சேர் தொடவேயில்லையாம்.”

அந்த ஒரு வரியோடு நாலு வருடம் மல்லுக்கட்டினேன். பெற்றோரின் வட்சப் குழுவில் வாத்தியாருக்காகக் கையெழுத்துச் சேர்த்தார்கள். பரீட்சை வருகுதாம், மற்றப் பிள்ளைகளின் எதிர்காலமாம். சந்திக் கடையில் குலம் அண்ணையைப் பார்த்து ஒருவர் கேட்டிருக்கிறார்: “பிள்ளையாருக்கு முன்னாலை போட்டதுக்கும் கேஸ் போடுவியளோ?” கடை முழுதும் சிரித்ததாம். அதை எனக்குச் சொல்லும்போது அவரும் கொஞ்சம் சிரித்தார். பிறகு சிரிப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல் மீசையைத் தடவினார்.

பன்னிரண்டாவது ஆள்

இங்கே என் பிழையைச் சொல்ல வேண்டும். அதற்கு இன்னும் பின்னால் போக வேண்டும்.

தொழிலுக்கு வந்த புதிதில் பருத்தித்துறைப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். கடற்தொழிலாளியின் மனைவி. புருசன் கொதிதண்ணீர் ஊற்றிய கழுத்தைச் சேலைத் தலைப்பால் மூடியிருந்தாள். தோல் காய்ந்து, வெயில் பட்ட மெழுகுபோல ஒருபக்கம் வழிந்து நின்றது. நான் பேனையை எடுத்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லுங்கோ என்றேன்.

அவள் விரல் மடித்து எண்ணினாள். விதானையார், பொலிசில் ரெண்டு பேர், நேர்ஸ், டொக்டர், சட்ட வைத்திய அதிகாரி, சுவாமியார், மாமி, பெண்கள் அமைப்பு மூன்று பேர். “பதினொரு பேருக்குச் சொல்லிட்டன், மிஸ். நீங்கள் பன்னிரண்டாவது ஆள். நான் சொல்லுறன். ஆனா ஒருக்காச் சொல்லேக்கை ஒருக்கா ஊத்துப்படுது.”

அன்றைக்குப் பேனையை மூடினேன். அன்றிலிருந்து எனக்கு ஒரு முறை: அடிபட்டவரிடம் ஒரே ஒரு தடவைதான் கேட்பேன். ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தால் அதுகூடக் கேட்கமாட்டேன். பொலிஸ் வாக்குமூலத்தை வாசிப்பேன், வைத்திய அறிக்கையை வாசிப்பேன், முகத்தைப் பார்ப்பேன். இளம் சட்டத்தரணிகளுக்கும் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதில் எனக்கு ஒரு பெருமை, அந்த வாத்தியாருக்குப் பிரம்பு எடுக்காததில் இருந்ததுபோல.

நவம் அண்ணைக்கு அதில் உடன்பாடு இல்லை. முப்பது வருடம் மூன்று சட்டத்தரணிகளிடம் கிளாக்கராக இருந்தவர். “மிஸ், பல்லு டொக்டரும் நாங்களும் ஒண்டு. நோகாமல் பாக்கிறம் எண்டு சொன்னால் பல்லு உள்ளுக்கைதான் கிடக்கும்.”

வழக்குத் தவணைக்கு மூன்று கிழமை இருக்கும்போது குலம் அண்ணை தனியாக வந்தார். ஹெல்மெட்டை மடியில் வைத்து அதன் வாரை இழுத்து இழுத்து விட்டார். பிறகுதான் அந்த வசனத்தைச் சொன்னார். எதிரித் தரப்பு அதைத் தேடிப் பிடித்துவிட்டதென்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள்.

“எல்லாரும் சொல்லுறதுதானே, மிஸ். வாயிலை வாற கதை. என்ரை அப்புவும் சொன்னவர், எங்கடை வாத்தியாரிட்டை.”

“தர்சிகாவுக்குத் தெரியுமோ?”

“தெரியாது. அவ அங்காலை, சைக்கிள் விடுற இடத்திலை நிண்டவ.” வார் அறுந்துவிடும்போல இருந்தது. “கேட்டால் இல்லையெண்டு சொன்னால் என்ன?”

“சொல்லாதேங்கோ. சட்டத்திலை அந்தக் கதைக்கு ஒரு பெறுமதியும் இல்லை. உயிர் போற மாதிரிச் செய்ய ஒரு தகப்பனும் அனுமதி குடுக்கேலாது. பொய்க்குத்தான் பெறுமதி. பொய் எண்டு பிடிபட்டால் மற்ற எல்லாத்தையும் அது திண்டிடும்.”

“அவவின்ரை முகத்தை எப்பிடிப் பாக்கிறது, பிறகு?”

கேட்டால் உள்ளதைச் சொல்லுவதாக மட்டும் அவரிடம் வாக்கு வாங்கினேன்.

அன்றைக்கு மாலையே நான் மகளைக் கூப்பிட்டுக் கேட்டிருக்க வேண்டும். நீர் எங்கே நின்றனீர், என்ன கேட்டனீர் என்று. கேட்கவில்லை. அவளுடைய வாக்குமூலத்தில் அந்த வசனம் இல்லை. இல்லாததைக் கிளறுவானேன், ஒரு பிள்ளைக்கு இன்னொரு தடவை ஊற்றுவானேன் என்று இருந்துவிட்டேன். வாக்குமூலத்தில் ஏன் அது இல்லை என்று யோசிக்கவே இல்லை.

வாயிலே வருகிற கதை

இந்தக் குடாநாட்டில் அந்த வசனத்தைக் கேளாமல் வளர்ந்தவர் யார்? என் அம்மாவும் சொன்னவர். வட்டுக்கோட்டையில் எங்கள் கணக்கு ரீச்சரின் வீட்டு முற்றத்தில், என் தலையை ஒரு கையால் முன்னுக்குத் தள்ளிக்கொண்டு. ரீச்சர் சிரித்தார். அம்மா சிரித்தார். எல்லோரும் சிரித்ததால் நானும் சிரித்தேன். கன்றுக்குட்டி கைமாறும்போது இரண்டு பக்கமும் சிரிப்பதுபோன்ற ஒரு சிரிப்பு.

என் கணுக்கால் வரிகள் பல வருடம் இருந்தன. பூவரசம் தடி, பச்சையாய், பட்டை உரித்தது. வரிகளை நான் மேடைகளில் பகிடியாகச் சொன்னதுண்டு. அடிச்சதாலைதான் லோயர் ஆனேன் என்று. சனம் கைதட்டும்.

இப்போது யோசித்தால், அந்த வசனத்தில் எனக்குப் பயம் தருவது உரிப்பது அன்று. கண்ணை விட்டுவிடச் சொல்கிறோமே, அதுதான். படிக்கக் கண் வேண்டும். மிச்சப் பிள்ளை எதற்கு என்று ஒருவரும் கேட்டதில்லை.

காலை

மன்றில் நான் இருப்பது இரண்டாவது வரிசை. மேல் நீதிமன்றத்தில் வழக்கை நடத்துவது அரச சட்டவாதி. அடிபட்டவருக்காக வருகிறவள் பின்னால் இருந்து கவனிக்கலாம், துண்டு எழுதி நீட்டலாம். வாய் கட்டிய இருக்கை அது.

தர்சிகா கூண்டுக்கு ஏறிய மூன்று படிகளையும் மன்று முழுதும் பார்த்தது. இப்போது அவளுக்குப் பத்தொன்பது. அரச சட்டவாதியின் கேள்விகளுக்கு நிதானமாகச் சொன்னாள். எதிரித் தரப்புச் சட்டத்தரணி எழுந்தார். முது வயது, மிருதுவான குரல். அவர் சாட்சியைச் சத்தம் போட்டு உடைப்பவர் அல்லர். கதிரை இழுத்துப் போட்டு உட்கார வைப்பதுபோலக் கேட்பார்.

“மகள், அன்றைக்கு உம்முடைய கால்களை யாராவது கட்டி வைத்தார்களா?”

“இல்லை.”

“வாசல் கதவு?”

“கதவு இல்லை. படலை திறந்துதான் கிடந்தது.”

“எதிரி உமக்குக் கிட்ட வந்தாரா? கை நீட்டினாரா?”

“இல்லை.”

“நூறிலேயே கால் நொந்தது என்று சொன்னீர். முன்னூறு வரைக்கும் போனீர். ஏன் நிறுத்தவில்லை?”

பதில் இல்லை.

“சேர் மாட்டேன் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஏன் நிறுத்தவில்லை?”

மின்விசிறி சுற்றுகிறது. நீதிபதி பேனையை உயர்த்திப் பிடித்திருக்கிறார். தர்சிகா வாய் திறந்து மூடினாள். நான் கையிலிருந்த துண்டுக் கடதாசியைப் பார்த்தேன். அதில் எழுத என்னிடம் எதுவும் இல்லை. நானும் அந்தக் கேள்வியை அவளிடம் ஒருநாளும் கேட்டதில்லை.

‘சாட்சி மௌனம்’ என்று பதிவாயிற்று. எங்கள் வழக்கில் விழுந்த முதல் ஓட்டை.

அதற்குப் பிறகுதான் அந்த வசனம் வந்தது. “தகப்பனார் இதைச் சொன்னபோது நீர் எங்கே நின்றீர்?”

“அப்பாவுக்குப் பக்கத்திலை. அப்பா அப்பிடி ஒண்டும் சொல்லேல்லை.”

“தூரத்தில் நின்று கேளாமல் விட்டீரோ?”

“இல்லை. பக்கத்திலைதான். கையைப் பிடிச்சுக்கொண்டு. சொல்லியிருந்தால் எனக்குக் கேட்டிருக்கும்.”

அவர் தலையைச் சாய்த்து நன்றி சொல்லி உட்கார்ந்தார். எனக்குப் பின்னால் நவம் அண்ணை கோப்பை மூடிவைப்பது கேட்டது.

இரண்டு மணி

குலம் அண்ணை கூண்டில் ஏறினார். சாட்சியம் முடிந்துவிட்டதால் மகள் உள்ளே வந்து இருக்கலாம். எனக்குப் பின் வாங்கில் வந்து இருந்தாள். தகப்பன் அவளைப் பார்த்தார். பிறகு பார்க்கவில்லை.

அரச சட்டவாதி அந்த வசனத்தைத் தொடாமல் முடித்தார். எதிரித் தரப்பு எழுந்து, நேரே அதற்கே வந்தது.

“சொன்னீர்களா?”

கைபிடிச் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்தார். மண்வெட்டி பிடித்த கை. நகத்தில் செம்மண் போகாது.

“சொன்னனான்.”

எனக்குப் பின்னால் ஓர் அசைவு.

“சிரித்துக்கொண்டு சொன்னீர்களா, கோபமாகவா?”

“சிரிச்சுக்கொண்டுதான், ஐயா. சேரும் சிரிச்சவர்.”

“அதாவது, உங்கள் மகளைக் கண்டிக்கும் அதிகாரத்தை மனமுவந்து எதிரியிடம் கொடுத்தீர்கள்.”

“அந்த நேரம் அப்பிடி யோசிக்கேல்லை. ஓம். குடுத்ததுதான்.”

“மகள் அப்போது எங்கே நின்றார்?”

“தள்ளி. சைக்கிள் விடுற இடத்திலை. அவவுக்குக் கேட்டிராது.”

எதிரித் தரப்புச் சட்டத்தரணி கண்ணாடியைக் கழற்றினார். மிருதுவான குரல் இன்னும் மிருதுவாயிற்று. “இன்று காலை உங்கள் மகள், தான் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றதாகவும், நீங்கள் அப்படி எதுவுமே சொல்லவில்லை என்றும் இந்த மன்றில் சொன்னார். உங்கள் இருவரில் ஒருவர் பொய் சொல்கிறீர்கள். யார்?”

குலம் அண்ணை அவரைப் பார்த்தார். “பக்கத்திலையோ நிண்டவ?”

“கேள்வி கேட்பது நான்.”

“பக்கத்திலை எண்டு அவவே சொன்னவவோ?”

நீதிபதி, “சாட்சி பதில் மட்டும் சொல்லலாம்” என்றார். கடுமையாக அல்ல.

அவர் தலையைக் குனிந்தார். அந்த முகத்தில் ஒன்று மெல்ல ஏறிக்கொண்டிருந்தது, வாய்க்காலில் விட்ட தண்ணீர் காய்ந்த பாத்திக்குள் ஊர்ந்து போவதுபோல. அன்றைய வாசலை அவர் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார். சைக்கிள்கள். வரிசை. தன் வலது கை. அதில் என்ன இருந்தது என்று.

“ஓம்” என்றார், ஒருவருக்கும் இல்லாமல். “கையைப் பிடிச்சிருந்தவ. அப்ப கேட்டிருக்கிறா.” பிறகு, இன்னும் மெதுவாக: “அதுதான் நிப்பாட்டேல்லை.”

அந்த இடத்தில் எதிரித் தரப்பு உட்கார்ந்திருக்க வேண்டும். தொழிலில் நாற்பது வருடம் கண்டவர். ஆனால் அவரும் எங்களில் ஒருவர்தானே. அவர் தகப்பனும் யாரிடமாவது அந்த வசனத்தைச் சொல்லியிருப்பார். கேட்டுவிட்டார்.

“எதை நிறுத்தவில்லை?”

“தோப்புக்கரணம், ஐயா. நான் சொன்னதை அவ ஒருநாளும் மீறினதில்லை. நான்தான் சேரிட்டைக் குடுத்திட்டன் எண்டு நினைச்சிருக்கிறா. நிப்பாட்டினால் என்ரை சொல்லை மீறினது எண்டு நினைச்சிருக்கிறா. கால் செத்தாலும் நிப்பாட்டியிருக்க மாட்டா.” கைபிடிச் சட்டத்திலிருந்து கையை எடுத்தார். “பொய் சொன்னது ஆரெண்டு கேட்டனீங்கள். அவதான். எனக்கு இது தெரியக்கூடாதெண்டு.”

நீதிபதி குறிப்பேட்டில் சில பக்கங்கள் பின்னால் புரட்டினார். ‘சாட்சி மௌனம்’ என்று எழுதிய பக்கமாக இருக்க வேண்டும். அங்கே ஏதோ எழுதினார்.

என் வாங்கின் முதுகை யாரோ இறுக்கிப் பிடித்திருந்தார்கள். நான் திரும்பவில்லை. திரும்பிப் பார்த்திருக்க வேண்டும் என்று பிறகு நினைத்ததுண்டு.

கலைந்தபோது நடையில் அவளைப் பிடித்தேன். முகம் காய்ந்திருந்தது.

“ஏன் தர்சிகா, எனக்குச் சொல்லேல்லை?”

“நீங்கள் கேக்கேல்லை, மிஸ்.” குறையாகச் சொல்லவில்லை. நேரம் கேட்டால் நேரம் சொல்வதுபோலச் சொன்னாள். “நாலு வருசமா அவருக்குத் தெரியாமல்தான் வைச்சிருந்தனான். கேஸ் தோத்தாலும் பரவாயில்லை எண்டுதான் இருந்தனான்.”

கைபிடியைப் பிடித்துப் பிடித்துப் படி இறங்கினாள். குலம் அண்ணை கீழே, கடைசிப் படியில் நின்றார். வழக்கமாக அந்த இடத்தில் கை நீட்டுவார். அன்று நீட்டவில்லை. அவள் தானாகவே இறங்கும்வரை தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

தீர்ப்பும் பிறகும்

சில மாதங்களில் தீர்ப்பு வந்தது. குற்றவாளி. தொடவில்லை என்பது எதிர்வாதம் ஆகாது என்றார் நீதிபதி. பெற்றோரின் வசனம் எதிரிக்கு அனுமதி ஆகவில்லை, அந்தப் பிள்ளைக்கு விலங்காகத்தான் ஆயிற்று என்றும், மகளின் மௌனத்தையும் மறுப்பையும் அந்த விலங்கோடு சேர்த்தே பார்க்க வேண்டும் என்றும் எழுதியிருந்தார். நான் கிளறாமல் விட்ட வசனத்தில்தான் வழக்கு நின்றது. சிறைத் தண்டனை ஒத்திவைக்கப்பட்டது. காரணங்கள்: கல்விச் சேவை, முதற்குற்றம், வயது.

வாத்தியார் இப்போது வீட்டிலிருந்து கணினியில் படிப்பிக்கிறார். பிள்ளைகள் குறையவில்லை என்று கேள்வி. தீர்ப்பு நாளன்று நவம் அண்ணை கோப்பைக் கட்டி மேல் தட்டில் வைத்தார். வென்ற கோப்புகளுக்கு அவர் ஒரு தேத்தண்ணி வாங்கி வருவது வழக்கம். அன்று வாங்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அடிபட்டவரிடம் ஒரு தடவைதான் கேட்பேன் என்று இப்போது நான் ஒருவருக்கும் சொல்வதில்லை. கேட்கிறேன். நோகும் என்று முதலே சொல்லிவிட்டுக் கேட்கிறேன். அது சரியா என்று இன்னும் தெரியாது.

இந்த வருட மாரி தொடங்க முன் தர்சிகா அலுவலகத்துக்கு வந்தாள். உயர்தரப் பரீட்சையில் இடையில் எழும்பிப் போகவும் தண்ணீர் வைத்திருக்கவும் அனுமதி கேட்டு ஒரு கடிதம் வேண்டியிருந்தது. எழுதிக் கொடுத்தேன். இதையெல்லாம் பத்திரிகையில் எழுதலாமோ என்று கேட்டேன். யோசித்தாள். எழுதுங்கோ, பெயரை மாத்துங்கோ என்றாள்.

“அப்பா எப்பிடி?”

“இருக்கிறார்.” கடிதத்தை மடித்துப் பையில் வைத்தாள். பூட்டிய பையை மறுபடி திறந்து பூட்டினாள். “இப்ப எனக்கு ஒண்டும் சொல்லுறேல்லை, மிஸ்.”

“கதைக்கிறேல்லையோ?”

“கதைப்பார். கேட்டதுக்குப் பதில் சொல்லுவார். ஆனா ஒண்டும் செய்யச் சொல்லமாட்டார். முந்தி எழும்பு, குளி, படி, சைக்கிளுக்குக் காத்தடி எண்டு வாய் ஓயாது. இப்ப எதைக் கேட்டாலும் உன்ரை விருப்பம், பிள்ளை எண்டுறார். சாப்பிடு எண்டுகூடச் சொல்லுறேல்லை. சோத்தைப் போட்டு மேசையிலை மூடி வைச்சிட்டு அங்காலை போயிடுவார்.”

“நீர் ஏதும் சொல்லிப் பாத்தனீரோ?”

“முந்தநாள் வேணுமெண்டே சாப்பிடாமல் இருந்தனான். ஏசுவாரோ பாப்பம் எண்டு.”

“ஏசினவரோ?”

“பின்னேரம் வந்து மூடியைத் திறந்து பாத்தவர். நான் அறைக்குள்ளை இருந்து பாத்துக்கொண்டுதான் இருந்தனான். கொஞ்ச நேரம் நிண்டவர். பிறகு அந்தச் சோத்தைத் தான் சாப்பிட்டிட்டு, சாப்பாட்டுக் கோப்பையைக் கழுவிக் கவிட்டு வைச்சிட்டு, தோட்டத்துக்குப் போயிட்டார்.”